கொடுக்கும் கையைப் பழக்குதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமயங்கள் ஏழை எளியவர்களுக்கு ஆற்றிய பணியைப் பற்றி ஆண்டுக்கு ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. இந்த ஆண்டு பௌத்தத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றதும், மணிமேகலையைப் பற்றித்தானே பேசப் போகிறீர்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். இயல்பான கேள்விதான். பௌத்தமும் பசிப்பிணியும் என்றால் தமிழர்க்கு நினைவில் வருவது அமுதசுரபி. மணிபல்லவத்தில் கிடைத்த அந்தப் பாத்திரத்தில் ஆதிரை முதல் பிச்சை இட்டது, காயசண்டிகையின் அடங்காப் பசி அடங்கியது, பார்வை இழந்தோரும் பேணுவார் அற்றோரும் நோயாளரும் உலக அறவியில் கூடி உண்டது, முடிவில் சிறைக்கோட்டமே அறக்கோட்டமானது எனச் சீத்தலைச் சாத்தனார் அடுக்கிச் செல்லும் காட்சிகள் உலக இலக்கியத்திலேயே அரியவை.

ஆனால் அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். நம் கையில் இருப்பதோ அள்ளினால் குறைகிற பாத்திரம். குறைகிற பாத்திரத்தை வைத்துக்கொண்டு நாள் தவறாமல், ஆண்டு தவறாமல் எப்படிச் சோறு போடுவது? இந்தக் கேள்விக்கு நம் காலத்தில் செயலால் விடை சொன்ன ஒரு பௌத்த அமைப்பு உண்டு. தைவானில் 1966இல் தோன்றிய ட்சு சி அமைப்பு அது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். இரக்கம் எல்லோருக்கும் வரும். துயரத்தைக் கண்டால் வரும், பிறகு போய்விடும். ஏழைக்குப் பயன்படுவது, வந்து போகிற இரக்கத்தைப் பழக்கமாக மாற்றிக்கொண்ட மனிதர்களின் உழைப்பு. அந்தப் பழக்கத்துக்கு ஒரு முறை வேண்டும். கணக்கு வேண்டும். ஆள் நேரில் போக வேண்டும். இன்று வாங்குகிறவர் நாளை கொடுக்கிறவராக வழியும் இருக்க வேண்டும். இந்த நான்கையும் ட்சு சியின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

1. ஹுவாலியென் என்னும் ஊர்

தைவான் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது ஹுவாலியென். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பசிபிக் பெருங்கடல். நிலநடுக்கமும் புயலும் அடிக்கடி வந்துபோகும் நிலம். தீவின் மேற்குப் பகுதியில் தொழிற்சாலைகள் பெருகிவந்த 1960களில் கிழக்கு பின்தங்கிக் கிடந்தது. அங்கே பழங்குடி மக்களும், சீனப் பெருநிலத்திலிருந்து போருக்குப் பின் வந்து உறவற்றுப் போனவர்களும், நிலமற்ற கூலிகளும் மிகுதி.

இந்த ஊருக்கு ஓர் இளம் துறவினி வந்து சேர்ந்தார். பெயர் செங் யென். 1937இல் பிறந்தவர். தந்தையின் திடீர் மரணம் அவரைத் துறவின் பக்கம் திருப்பியது. 1963இல் தைபேயில், பெரும் பௌத்த அறிஞரான யின் ஷுன் அவரைச் சீடராக ஏற்றார். புத்த நெறிக்காகவும் எல்லா உயிர்களுக்காகவும் வாழ வேண்டும் என்பதே குரு அன்று இட்ட கட்டளை. அந்தக் காலத்துத் தைவானில் துறவிகள் என்றால் ஈமச்சடங்கில் ஓதுபவர்கள் என்பதே பொதுவான எண்ணம். அதை மாற்றி, உயிரோடு இருப்பவர்களுக்கு உதவுவதே பௌத்தம் என்று வாதிட்ட சிந்தனை மரபில் வந்தவர் யின் ஷுன். சிந்தனையாக இருந்த அதைச் செயலாக்கியவர் செங் யென்.

அமைப்பின் தொடக்கத்துக்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் காரணமாகச் சொல்வார்கள். ஒன்று, 1966இல் ஃபெங்லின் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் தரையில் இரத்தக் கறையை அவர் கண்டது. பேறுகாலத் துன்பத்தில் இருந்த ஒரு பழங்குடிப் பெண்ணைச் சுமந்து வந்தார்கள் என்றும், 8,000 தைவான் டாலர் முன்பணம் கட்ட முடியாததால் திரும்பத் தூக்கிப் போனார்கள் என்றும் அவரிடம் சொன்னார்கள். அந்த நிகழ்ச்சியின் விவரங்கள் பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் வரை சென்று கேள்விக்குள்ளாயின. ஆகவே யார்மீதும் பழி சுமத்த அதை நான் சொல்லவில்லை. முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்ற வழக்கம் அன்று பரவலாக இருந்தது, அது ஏழையின் உயிரோடு விளையாடியது என்ற அளவில் எடுத்துக்கொள்கிறேன். தைவானில் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீடு வந்ததே 1995இல்தான்.

இரண்டாவது, மூன்று கத்தோலிக்கக் கன்னியர் அவரைச் சந்தித்து உரையாடியது. நாங்கள் பள்ளிகள் கட்டினோம், மருத்துவமனைகள் கட்டினோம், முதியோர் இல்லங்கள் நடத்துகிறோம். உங்கள் சமயம் சமூகத்துக்கு என்ன செய்திருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். பௌத்தர்கள் தனித்தனியே, பெயர் சொல்லாமல் தருமம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அது ஒன்றுதிரளவில்லை. அவர் அந்தக் கேள்வியை வேலையாக ஏற்றுக்கொண்டார். ஒரு சமயத்தார் இன்னொரு சமயத்தாரிடம் கேட்ட கேள்வி, சண்டையில் முடியாமல் ஒரு மருத்துவமனையில் முடிந்தது என்பதை இந்த அவை மனத்தில் கொள்ள வேண்டும்.

2. கணக்கில் தொடங்கிய அறம்

அந்த வேலை ஒரு கணக்கில் தொடங்கியது. அதை உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்க விரும்புகிறேன். செங் யென்னும் அவருடைய சீடர்களும் சேர்ந்து ஆறு பேர். மடத்தின் பிழைப்புக்காகக் குழந்தைகளுக்கான துணிக் காலணி தைத்து விற்றார்கள். ஒரு சோடி 4 டாலர். நாளுக்கு ஆளுக்கு ஒரு சோடி கூடுதலாகத் தைப்பது என்று முடிவெடுத்தார்கள். ஆறு பேர், ஆறு சோடி, நாளொன்றுக்கு 24 டாலர். மாதத்துக்கு முப்பது நாள் என்று வைத்தால் ஆண்டுக்கு 8,640 டாலர். அந்தப் பெண்ணுக்கு முன்பணமாகக் கேட்டதாகச் சொல்லப்பட்ட தொகையைவிட அது அதிகம். ஒரு துயரத்தைக் கண்டவர் அழுதுவிட்டுப் போகாமல், அதன் விலை என்ன, அந்த விலையைக் கொடுக்க நாளுக்கு எத்தனை சோடி தைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

அடுத்தது முப்பது இல்லத்தரசிகள். மூங்கிலை வெட்டி உண்டியல் செய்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். காலையில் சந்தைக்குக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன், காய்கறிக் காசிலிருந்து 50 சென்ட் எடுத்து அதில் போட வேண்டும். மாதத்துக்கு 15 டாலர் ஆகிறது, மொத்தமாகவே கொடுத்துவிடலாமே என்ற கேள்வி எழுந்தது. கூடாது என்றார் செங் யென். மாதம் ஒரு முறை கொடுத்தால் மாதம் ஒரு முறைதான் நல்லெண்ணம் வரும். நாள்தோறும் போட்டால் நாள்தோறும் ஒருவரை நினைத்துக்கொண்டுதான் சந்தைக்குப் போக வேண்டும். சந்தைக்குப் போன பெண்கள் கீரைக்காரியிடமும் மீன்காரியிடமும் இதைச் சொன்னார்கள். கடைக்காரர்களும் போடத் தொடங்கினார்கள். சந்தை வழியே செய்தி ஊரெல்லாம் பரவியது.

காலணிப் பணம் மாதம் 720 டாலர், உண்டியல் பணம் 450 டாலர். ஆக 1,170 டாலர். ஓர் உலகளாவிய அறப்பணியின் முதல் மாத முதலீடு இவ்வளவுதான். முதலில் உதவி பெற்றவர், சீனப் பெருநிலத்திலிருந்து வந்து யாருமின்றித் தனித்திருந்த, எண்பது கடந்த ஒரு மூதாட்டி. அவர் இறக்கும் வரை பார்த்துக்கொண்டு, இறுதிச் சடங்கையும் செய்தார்கள்.

நம் வீடுகளில் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைக்கும் பிடியரிசி வழக்கத்தை நம்மில் பலர் பாட்டிமார் கையில் பார்த்திருக்கிறோம். மூங்கில் உண்டியலின் தத்துவம் நமக்குப் புரிய இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். மிச்சப்பட்டதைக் கொடுப்பது வேறு, சமைக்கும் முன்பே எடுத்து வைப்பது வேறு.

இன்னொரு செய்தி. அந்த மடத்துத் துறவினிகள் தங்கள் வயிற்றுப்பாட்டுக்கு நன்கொடைக் காசைத் தொடுவதில்லை என்று தொடக்கத்திலேயே விதி வகுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் உழைக்காவிட்டால் ஒரு நாள் உண்ணாதிருப்பது என்பது பழைய சென் மடங்களின் ஒழுக்கம். காய்கறி பயிரிட்டும், காலணி தைத்தும், மெழுகுவத்தி வார்த்தும், தானிய மாவு அரைத்து விற்றும் அவர்கள் வாழ்ந்தார்கள். மக்கள் கொடுத்த காசு ஏழைக்கு, துறவினியின் கஞ்சி துறவினியின் கைவேலையில் என்ற இந்தக் கோடுதான் சந்தைப் பெண்களின் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது.

3. படியேறிப் போய்ப் பார்ப்பது

சமூகப்பணி மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதி இது. மனு வந்தால் காசோலை அனுப்பும் வழக்கம் ட்சு சியில் இல்லை. தொண்டர்கள் இருவர் மூவராக வீட்டுக்கே போகிறார்கள். அடுப்படியைப் பார்க்கிறார்கள். மாத்திரை உறைகளைப் பார்க்கிறார்கள். யார் சம்பாதிக்கிறார், யார் படுக்கையில் இருக்கிறார், பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, கடன் எவ்வளவு, அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்து எழுதுகிறார்கள். பிறகு பலர் கூடி முடிவெடுக்கிறார்கள். மாத உதவி தொடங்கினாலும் வீட்டுக்குப் போய்வருவது நிற்பதில்லை. நிலைமை மாறினால் உதவியும் மாறும். மூத்த பிள்ளைக்கு வேலை கிடைத்துக் குடும்பம் எழுந்து நின்றால் உதவி முடியும், உறவு தொடரும்.

பல நேரம் தேவைப்படுவது பணமே அல்ல. தனியே வாழும் முதியவரின் வீட்டில் ஆண்டுக்கணக்காகக் குப்பை சேர்ந்திருக்கும். கழிவறைக்கு நடக்க முடியாமல் படுக்கையே நனைந்திருக்கும். நல்ல வேலையில் இருப்பவர்களும் வியாபாரிகளும் சீருடையோடு வந்து அந்த வீட்டைக் கழுவுகிறார்கள். முதியவரைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, முடி திருத்தி, புதுப் படுக்கை போட்டு உட்கார வைக்கிறார்கள். கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி பொருத்துகிறார்கள். அந்தக் கைப்பிடி சிறிய செலவுதான். ஆனால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த முதியவரின் வாழ்வு படுக்கையிலேயே முடிந்துவிடும். வீட்டுக்குள் போய்ப் பார்த்தவருக்குத்தான் அங்கே கைப்பிடி தேவை என்று தெரியும். அலுவலகத்தில் உட்கார்ந்து மனுவைப் படிப்பவருக்கு அது தெரிய வழியில்லை.

கொடுக்கும் முறைக்கும் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு கையாலும் பொருளை ஏந்தி, இடுப்பு வளையக் குனிந்து கொடுக்கிறார்கள். வாங்கிக்கொண்டதற்குக் கொடுத்தவரே நன்றி சொல்கிறார். எனக்கு உதவும் வாய்ப்பைத் தந்தவர் இவர், ஆகவே நான் கடன்பட்டவன் என்பதே அதன் பொருள். மேடையில் ஏழையை வரிசையில் நிறுத்தி, ஒரு தையல் இயந்திரத்தை நாலு பேர் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்தப் படத்தில் ஏழையின் முகத்தை ஒரு முறை பாருங்கள். அவருடைய மகள் மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

4. நோயிலிருந்து மருத்துவமனைக்கு

வீடு வீடாகச் சென்றதால் ஓர் உண்மை துலங்கியது. பல குடும்பங்கள் ஏழையாக இருந்ததால் நோயுற்றன என்பதைவிட, நோயுற்றதால் ஏழையாகின. சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் முதலில் சேமிப்பு போகும், பிறகு நிலம் போகும், பிறகு பிள்ளையின் படிப்பு போகும். அரிசி கொடுத்துக்கொண்டே இருந்தாலும் இந்தச் சரிவு நிற்காது. ஆகவே 1979இல், கிழக்குக் கரையில் ஒரு முழுமையான மருத்துவமனை கட்டுவோம் என்றார் செங் யென். ஏழைகளுக்கு அரிசி கொடுக்கும் ஒரு சிறு சங்கம் சொல்லக்கூடிய பேச்சா இது என்று பலர் நினைத்தார்கள்.

1983இல் அடிக்கல் நாட்டிய இடம் கைநழுவியது. 1984இல் வேறிடத்தில் மறுபடியும் நாட்டினார்கள். ஜப்பானியர் ஒருவர் 20 கோடி அமெரிக்க டாலர் தர முன்வந்தும் செங் யென் ஏற்கவில்லை என்று அமைப்பின் வரலாறு கூறுகிறது. ஒருவர் கட்டிக் கொடுத்தால் அது அவருடைய மருத்துவமனை ஆகிவிடும், ஆயிரமாயிரம் பேர் கட்டினால்தான் மக்களுடையதாகும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. 1986 ஆகஸ்ட் 17 அன்று மருத்துவமனை திறக்கப்பட்டது. உள்நோயாளியிடம் முன்பணம் கேட்பதில்லை என்பது அதன் விதி. இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஒரு செய்திக்கு அன்று பதில் கிடைத்தது.

மருத்துவமனை வந்தால் செவிலியர் வேண்டும். ஆகவே 1989இல் செவிலியர் கல்லூரி. மருத்துவர் வேண்டும். ஆகவே 1994இல் மருத்துவக் கல்லூரி. ஒவ்வொரு படியும் முந்தைய படியில் கண்ட குறையிலிருந்து எழுந்தது. 1991இல் செங் யென்னுக்கு மகசேசே விருது கிடைத்தது. 1999 செப்டம்பர் 21 அன்று மத்தியத் தைவானைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியபோது, இடிந்த பள்ளிகளில் 51 பள்ளிகளை இந்த அமைப்பு திரும்பக் கட்டித் தந்தது. முதலில் நாளுக்கு 50 சென்ட், முப்பது ஆண்டுகள் கழித்து 51 பள்ளிகள்.

5. வாங்கியவர் கொடுப்பவராவது

இனி நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். 2013 நவம்பரில் ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸின் தாக்லோபான் நகரைச் சிதைத்தது. தெருக்களில் ஆள் உயரத்துக்கு இடிபாடு. அடியில் சடலங்கள். கடைகள் இல்லை, வேலை இல்லை. மக்கள் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அங்கே போன ட்சு சி தொண்டர்கள் வெளியூரிலிருந்து துப்புரவு ஆட்களைக் கொண்டுவரவில்லை. உங்கள் தெருவை நீங்களே சுத்தம் செய்யுங்கள், நாளுக்கு 500 பெசோ தருகிறோம் என்றார்கள். அப்பகுதியின் குறைந்தபட்சக் கூலியைப் போல அது ஏறத்தாழ இரு மடங்கு. ஏன் அவ்வளவு என்று கேட்கலாம். அதில் ஒரு பங்கு உழைப்புக்குக் கூலி, மறுபங்கு நிவாரணம். நிவாரணத்தை நிவாரணம் என்று சொல்லிக் கையில் கொடுக்காமல் வேலையோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

பல்லாயிரம் பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். தெரு திறந்தது. தெரு திறந்ததும் வண்டி வந்தது. கையில் காசு புழங்கியதும் கடை திறந்தது. மாலையில் கூலி வாங்கியவர்கள், தண்ணீர்ப் போத்தலை வெட்டி உண்டியலாக்கி அதில் சில்லறை போட்டார்கள். வீட்டை இழந்தவர், உறவை இழந்தவர், மற்றொரு நாட்டில் துன்பப்படுபவருக்காகக் காசு போட்டார். அந்தச் சில்லறையின் தொகை பெரிதல்ல. ஆனால் அதைப் போடும் கணத்தில் அவர் நிவாரணம் வாங்கும் வரிசையில் நிற்பவராக இல்லாமல், மற்றவருக்கு உதவும் நிலையில் இருக்கும் மனிதரானார்.

2008இல் நர்கிஸ் புயலில் சிக்கிய மியன்மார் விவசாயிகளுக்கு இந்த அமைப்பு விதைநெல்லும் உரமும் கொடுத்தது. வயல் விளைந்தபின் அந்த விவசாயிகள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துத் தங்களைவிட ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில், அங்கு குடியேறிய தைவான் வணிகர்கள் 1990களில் ஜூலு பெண்களுக்குத் தையல் கற்றுக் கொடுத்தார்கள். தையல் கற்ற பெண்கள் பிறகு எய்ட்ஸ் நோயாளிகளின் குடிசைகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டிப் பராமரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அப்படியே இருந்துகொண்டுதான் அந்தச் சீருடையை அணிந்தார்கள்.

தைவானிலும் இதுவே நடந்தது. 1990இல் தைச்சுங் நகரில் ஒரு கூட்டத்தில், கைதட்டும் கைகளால் குப்பையைப் பிரித்து எடுங்கள் என்று செங் யென் கேட்டுக்கொண்டார். மக்கள் பழைய தாளும் புட்டிகளும் சேகரித்து விற்று அறப்பணிக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தச் சேகரிப்பு நிலையங்களில் இன்று பெரும்பாலும் உழைப்பவர்கள் முதியவர்கள். தாளைத் தாளோடும் செம்புக் கம்பியைச் செம்போடும் பிரித்து அடுக்குகிறார்கள். அங்கே சேரும் நெகிழிப் புட்டிகளை உருக்கி நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். பேரிடர் நடந்த நாடுகளுக்கு அந்தப் போர்வைகள் போகின்றன. தனிமையில் வாடியிருக்கக்கூடிய ஒரு பாட்டி, காலையில் எழுந்து எனக்கு வேலை இருக்கிறது என்று கிளம்புகிறார். முதியோர் நலத்துக்கு இதைவிடச் சிறந்த திட்டம் எது என்று யோசித்துப் பாருங்கள்.

6. சமயமும் இனமும் கடந்து

ஜகார்த்தாவின் காலி ஆங்கே ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்கள் பெரும்பாலும் ஏழை முஸ்லிம்கள். இந்தோனேசியாவில் 1998 மே மாதம் சீன வம்சாவளியினருக்கு எதிராகக் கலவரம் நடந்து, கடைகள் எரிந்து, உயிர்கள் போன வடு ஆறாதிருந்த காலம். 2002இல் வெள்ளம் வந்தபோது ட்சு சியைச் சேர்ந்த சீன வம்சாவளித் தொழிலதிபர்கள் அந்த ஆற்றில் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். பிறகு செங்காரெங் பகுதியில் 1,100 வீடுகள் கொண்ட குடியிருப்பைக் கட்டி, 2003இல் அந்த மக்களைக் குடியமர்த்தினார்கள். பள்ளியும் மருத்துவ வசதியும் அதோடு வந்தன. தொழுகைக்கும் இடம் இருந்தது. பணமுள்ள சிறுபான்மைக்கும் பணமற்ற பெரும்பான்மைக்கும் இடையே மூண்டிருந்த வெறுப்பை அறிக்கைகள் ஆற்றவில்லை. சேற்றில் இறங்கிய கால்கள் ஓரளவு ஆற்றின.

துருக்கியின் இஸ்தான்புல் நகரில் சிரிய அகதிக் குழந்தைகள் துணி ஆலைகளில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார்கள். 2015இல் அங்கே ஒரு பள்ளி தொடங்க இந்த அமைப்பு துணை நின்றது. பள்ளி இலவசம் என்றால் மட்டும் அந்தக் குழந்தை வராது. அது வேலைக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதைத் தெரிந்துகொண்ட தொண்டர்கள், குழந்தை சம்பாதித்த தொகையைக் குடும்பத்துக்கு ஈடுசெய்து, குழந்தையை வகுப்புக்கு அழைத்து வந்தார்கள். கற்பித்தவர்களும் அகதிகளாக வந்த சிரிய ஆசிரியர்களே. குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையில் பணிபுரிய விரும்பும் மாணவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

நமக்கு அருகிலும் இந்தக் கைகள் வந்திருக்கின்றன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் அம்பாந்தோட்டையில் 649 வீடுகளைக் கட்டித் தந்தார்கள். மலேசியாவின் பினாங்கில் 1997 முதல் இலவச இரத்தச் சுத்திகரிப்பு மையம் நடத்துகிறார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு வாரம் மூன்று முறை, வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் சிகிச்சை அது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று அங்கே யாரும் வேறுபாடு பார்ப்பதில்லை.

7. கேட்க வேண்டிய கேள்விகள்

போற்றிவிட்டு மட்டும் போவது அறிவுக்கு அழகல்ல. அமைப்பு பெரிதானால் கேள்விகளும் பெரிதாகும். தைபேயின் நெய்ஹூ பகுதியில், பாதுகாப்பு மண்டலமாக வகைப்படுத்தப்பட்ட நிலத்தில் கட்டடம் எழுப்ப ட்சு சி திட்டமிட்டபோது சூழலியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பெரும் நிதியை எப்படிக் கையாளுகிறீர்கள் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து எழுந்தது. 2015இல் அமைப்பு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. நல்லவர்கள் நடத்துவதால் கணக்குக் கேட்கக் கூடாது என்பது தவறு. நல்லவர்கள் நடத்துவதால்தான் கணக்கு திறந்திருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி இதைவிட ஆழமானது. ட்சு சி தொண்டர்கள் கடைப்பிடிக்கும் பத்து ஒழுக்கங்களில் அரசியலிலும் ஆர்ப்பாட்டங்களிலும் கலந்துகொள்ளாமையும் ஒன்று. 1991இல் சீனாவில் வெள்ளத்தில் சிக்கியவர்களுக்கு உதவியபோது, பகை நாட்டுக்கு உதவுவதா என்று தைவானிலேயே குரல் எழுந்தது. அரசியல் சாராமைதான் அன்று எல்லையைக் கடக்க வழி செய்தது. ஆனால் வறுமையை உண்டாக்கும் அநீதியைக் கேட்காமல் வறுமைக்கு மருந்து மட்டும் போடலாமா?

இந்த இடத்தில் இன்னும் சில பௌத்தர்களை நினைக்க வேண்டும். இலங்கையில் 1958இல் ஆசிரியரான ஆரியரத்ன தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு, ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனதொலுவ கிராமத்துக்குச் சென்றார். சேர்ந்து உழைத்து, சேர்ந்து உண்டு தொடங்கிய சர்வோதய இயக்கம், உழைப்பையே தானமாகக் கொண்டு சாதிச் சுவரை அசைத்தது. சென்னையில் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தன்மானமே முதல் மருந்து என்று அந்தச் சித்த மருத்துவர் அறிந்திருந்தார். கோலார் தங்கவயலின் தமிழ்ச் சுரங்கத் தொழிலாளரிடையே அவருடைய பௌத்தம் கிளைவிட்டது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவியவர்களின் வழிவந்தோர், மகாராட்டிரத்தில் குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்கு வகுப்புகளும், ஏழை மாணவர்க்கு விடுதிகளும் நடத்துகிறார்கள். இவர்கள் கேட்டது உரிமை.

உரிமையா, உதவியா என்று இரண்டையும் மோதவிடுவது எனக்கு உடன்பாடல்ல. நாளை கிடைக்கப் போகும் நீதி, இன்று இரவு படுக்கையில் நனைந்து கிடக்கும் முதியவருக்குப் பதிலாகாது. இன்று இரவு மாற்றிய படுக்கை, அவரை அங்கே கிடக்கவிட்ட சமூகத்துக்கு மன்னிப்பும் ஆகாது. அயோத்திதாசர் இல்லாத அறம் ஏழையை என்றும் ஏழையாகவே வைத்திருக்கும். மூங்கில் உண்டியல் இல்லாத உரிமைப் பேச்சு, ஏழையின் வீட்டு வாசல் தெரியாமலே நின்றுவிடும். தமிழ்நாட்டுக்கு இரண்டும் வேண்டும்.

8. நாம் செய்யக்கூடியது

இந்த மண்ணில் ஈகைக்குப் பஞ்சமில்லை. வள்ளலார் மூட்டிய அடுப்பு வடலூரில் 1867 முதல் எரிந்துகொண்டிருக்கிறது. வெள்ளம் வந்தால் இளைஞர்கள் படகெடுத்து ஓடுகிறார்கள். நமக்குக் குறைவது வெள்ளம் வடிந்த பிறகான பதினோரு மாதங்கள். அப்போதும் படியேறிப் போகிற ஆள், குறித்து வைக்கும் நோட்டு, கூடி முடிவெடுக்கும் பழக்கம் ஆகியவை நம்மிடம் குறைவு.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்துப் பேர் சேருங்கள். நாளுக்கு ஆளுக்கு இரண்டு ரூபாய் எடுத்து வையுங்கள். மாதம் 600 ரூபாய் ஆகும். அதோடு உங்கள் தெருவில், உங்கள் கல்லூரிக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில், தனியே இருக்கும் ஒரு முதியவரையோ, பள்ளியை விட்டு நின்ற ஒரு பிள்ளையையோ தேடிப் போங்கள். போய் உட்கார்ந்து பேசுங்கள். என்ன தேவை என்பதை அவர்கள் வாயால் கேளுங்கள். அரசு தரும் உதவித்தொகை வராமல் இருந்தால் அதை வாங்கித் தருவது 600 ரூபாயைவிடப் பெரிய உதவி. அது அவர்களுடைய உரிமை; உங்கள் வேலை அதைப் பெறத் துணை நிற்பது. கணக்கை எழுதி எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். படம் எடுக்காதீர்கள். அடுத்த மாதமும் போங்கள். அதற்கு அடுத்த மாதமும் போங்கள்.

ஓராண்டு இதைச் செய்துவிட்டு, அடுத்த ஆண்டு இதே அவைக்கு வந்து நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். இந்த அறக்கட்டளைக்கு அதைவிட நல்ல சொற்பொழிவு வேறு இருக்க முடியாது.